துரத்திய பிறகும் பெய்யும் பனி

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் என் பத்து வயது மகனோடு ‘எட்வர்ட் சிசர்ஹேண்ட்ஸ்’ பார்த்தேன். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கத்திரிக்கோல்கள் உள்ள அந்தப் பையன், கடைசியில் தான் வந்த மாளிகைக்கே திரும்பிப் போய்விடுகிறான். “அவன் நல்லவன்தானேப்பா, ஏன் அங்கேயே இருக்கக் கூடாது?” என்று மகன் கேட்டான். பதில் வரவில்லை. எனக்கு ‘16 வயதினிலே’ சப்பாணி ஞாபகம் வந்தான். சாதுவான ஒருவனைக் காட்டுகிறார்கள், ஊர் அவனை ஒன்று கொஞ்சுகிறது அல்லது சீண்டுகிறது, முடிவில் அவன் ஊரில் இல்லை. நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். இந்தப் படங்கள் அவனுக்காகப் பேசுகின்றனவா, நம்மை அழவைத்துத் திருப்தியாக அனுப்புகின்றனவா?

ம.

அன்புள்ள ம.,

டிம் பர்ட்டன் 1990இல் எடுத்த அந்தப் படத்தை முதல் முறை பார்த்தபோது நானும் அழுதேன். இரண்டாம் முறை அந்தக் கைகளை மட்டும் கவனித்தேன். அவை சும்மா இருப்பதே இல்லை. புதர்களை மிருக உருவங்களாக வெட்டுகின்றன, நாய்களுக்கு முடி வெட்டுகின்றன, அப்புறம் தெருப் பெண்களெல்லாம் தலையைக் காட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எட்வர்டுக்கு என்ன பிடிக்கும், இரவில் தூக்கம் வருகிறதா என்று அவர்களில் யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. அவனை வீட்டுக்குக் கூட்டிவந்த பெக் ஒருத்திக்குத்தான் அந்த அக்கறை இருக்கிறது. ஒரு திருட்டுப் பழியும் ஒரு வதந்தியும் போதும், மற்ற எல்லாக் கதவும் சாத்திக்கொள்கிறது. அவன் அங்கே இருந்த நாளெல்லாம் வேலை செய்து வாடகை கட்டிக்கொண்டிருந்திருக்கிறான், அவ்வளவுதான்.

முடிவைப் பாருங்கள். அவன் மாளிகையில் தனியாக உட்கார்ந்து பனிக்கட்டியில் சிலை செதுக்குகிறான், சிதறும் துகள்தான் கீழே ஊரில் பனியாகப் பெய்கிறது. அழகான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் துரத்திய பிறகும் அந்த ஊருக்கு அவனிடமிருந்து வரவு நிற்கவில்லை! பர்ட்டன் இதைக் கிண்டலாகச் செய்தாரா, நிஜமாகவே உருகிச் செய்தாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பள்ளியில் என்னோடு ஒருவன் படித்தான். அதிகம் பேச மாட்டான், படம் அபாரமாக வரைவான். எங்கள் அறிவியல் நோட்டுகளில் இதயமும் பூவின் குறுக்குவெட்டும் அவன் வரைந்தவைதான். பரீட்சை முடிந்ததும் அவனை யாரும் தேடவில்லை, நானும் தேடவில்லை. எட்வர்டைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன் என்றால் அந்தக் கடுப்பு பாதி என் மேல்தான்.

இந்த வகைப் படங்களில் எனக்கு உள்ள இன்னொரு குறை, அவனுடைய வாயை அடைத்துவிடுவது. எட்வர்ட் பேசுவதே அபூர்வம். 1931இல் ஜேம்ஸ் வேல் எடுத்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பிணத் துண்டுகளால் செய்யப்பட்ட உருவமாக வரும் போரிஸ் கார்லாஃப் உறுமுவதோடு சரி. பேசாதவனை நேசிப்பது சுலபம், எதிர்த்து ஒன்றும் சொல்ல மாட்டான். வேலுக்கே இது உறுத்தியதோ என்னவோ, 1935இல் வந்த அடுத்த பாகத்தில் அந்த உருவம் ஒரு பார்வையற்ற கிழவரின் குடிசைக்குள் போய்ச் சொற்களைக் கற்றுக்கொள்கிறது. கண் தெரியாதவர்தான் அவனை ஏற்க முடியும் என்பது மலிவான யோசனை என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது வேறு ஒன்று தெரிகிறது. எனக்கு ஒரு நண்பனை அனுப்பு என்று பல நாள் வேண்டியிருந்தவர் அவர். தனிமையில் தவித்தவருக்குத் துணை கிடைத்திருக்கிறது, அவர் செய்வது தர்மம் இல்லை. வழி தவறி உள்ளே வரும் இரண்டு வேட்டைக்காரர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறார்கள்.

சப்பாணியை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பாரதிராஜா (1977) அவனை ஊர் ஏவும் வேலைக்கெல்லாம் ஓடுகிறவனாகக் காட்டுகிறார், அதுவரை உங்கள் கணக்கு சரி. பிறகு மயில் அவனைக் கோபாலகிருஷ்ணன் என்று கூப்பிட ஆரம்பிக்கிறாள். சப்பாணி என்று எவன் கூப்பிட்டாலும் அறை என்று சொல்லிக்கொடுக்கிறாள். சாதுவுக்குக் கோபப்படும் உரிமையைக் கொடுக்கிற படங்கள் ரொம்பக் குறைவு. அந்தக் கோபத்துக்கு விலையாக அவன் சிறைக்குப் போக வேண்டியிருக்கிறது என்பது தனி வருத்தம். ஆனால் ரயில் நிலையத்தில் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள். எட்வர்டுக்கு அது இல்லை.

ஊர் தன் பங்கைச் செய்யும் படமும் உண்டு, ‘லார்ஸ் அண்ட் த ரியல் கேர்ள்’ (2007). பொம்மையைக் காதலி என்று கூட்டிவரும் ஒருவனுக்காக ஊரே அந்தப் பொம்மையை மனுஷியாக நடத்துகிறது. பார்க்க இதமாக இருக்கும். ஆனால் லார்ஸ் அந்த ஊர்ப் பிள்ளை. வந்தேறி ஒருவன் இப்படிப் பொம்மையோடு வந்து நின்றிருந்தால்?

நான் அடிக்கடி திரும்பிப் போகும் படம் வெர்னர் ஹெர்சாக் 1974இல் எடுத்த ‘தி எனிக்மா ஆஃப் காஸ்பர் ஹவுசர்’. 1828இல் நியூரம்பெர்க் நகரத்தில் கையில் கடிதத்தோடு வந்து நின்ற, இருட்டறையில் அடைபட்டு வளர்ந்ததாகச் சொல்லப்பட்ட காஸ்பர் ஹவுசரின் கதை. நடித்த புரூனோ எஸ். தானே இளமையில் பல வருடங்களைக் காப்பகங்களில் கழித்தவர். அதில் ஒரு பேராசிரியர் காஸ்பருக்குப் புதிர் போடுகிறார். ஒரு கிராமத்தார் உண்மையே பேசுவார்கள், இன்னொரு கிராமத்தார் பொய்யே பேசுவார்கள். எதிரே வருகிறவன் எந்த ஊர் என்று ஒரே கேள்வியில் கண்டுபிடிக்க வேண்டும். பேராசிரியரிடம் சுற்றி வளைத்த ஒரு கேள்வி தயாராக இருக்கிறது. காஸ்பரோ, ‘நீ மரத்தவளையா?’ என்று கேட்பேன் என்கிறான். உண்மை பேசுகிறவன் இல்லை என்பான், பொய்யன் ஆமாம் என்பான். வேலை முடிந்தது. பேராசிரியர் இது தர்க்கமே இல்லை, ஏற்க முடியாது என்று சொல்லிவிடுகிறார். காஸ்பர் செத்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்து, அதில் ஏதோ கோளாறு இருப்பதைக் குறித்துக்கொண்டு ஒரு குமாஸ்தா குஷியாக வீட்டுக்கு நடக்கிறான்.

முழுப் படமும் உங்கள் மகன் வயதுக்கு வேண்டாம். அந்தத் தவளைக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டுங்கள். காஸ்பர் வாயைத் திறப்பதற்கு முன் நிறுத்திவிட்டு, நீயாக இருந்தால் என்ன கேட்பாய் என்று கேளுங்கள். அவன் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.