வயசு முதலில் காலைத்தான் பிடிக்கும்

கேள்வி: ஜார்ஜ் ஃபோர்மேன் 45 வயதில் உலக ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டைப் பட்டம் வென்றார். அவரைவிடத் திறமைசாலியான ராய் ஜோன்ஸ் ஜூனியரோ 35 வயதிலேயே சரிந்துவிட்டாரே, ஏன்? (வாசகர், திருப்பூர்)

பதில்: அந்தத் திறமைதான் ராய்க்கு வினையாக முடிந்தது. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, குத்து வரும்போது தலையைப் பின்னுக்கு இழுத்தே தப்பித்தவர் அவர். தாடையைக் கையால் மறைக்கும் பழக்கம் அவருக்குத் தேவைப்படவே இல்லை. அந்த இழுப்பு ஓர் இமைப்பொழுது தாமதித்தால் போதும், தாடை அங்கேயே நிற்கும். போதாததற்கு, 2003 மார்ச்சில் ஹெவிவெயிட் பட்டத்துக்காக 193 பவுண்டுக்கு ஏற்றிய உடம்பை நவம்பருக்குள் 175-க்கு இறக்கினார். எட்டுக் கிலோ! 34 வயது உடம்பு அதைச் சும்மா விடுமா? 2004 மே மாதம் அன்டோனியோ டார்வர் என்ற வீரரின் இடதுகைக் குத்து இரண்டாவது ரவுண்டிலேயே அவரைச் சாய்த்தது. செப்டம்பரில் கிளென் ஜான்சன், ஒன்பதாவது ரவுண்டில்.

ஃபோர்மேனோ அப்படி வேகத்தையும் கால்களையும் நம்பியவரே அல்ல. 1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். எதிரே 26 வயது மைக்கேல் மூரர். ஒன்பது ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் ஃபோர்மேன் பின்தங்கியிருந்தார். ஆனால் மூரர், விலகிப் போகாமல் ஃபோர்மேனின் வலது கைக்கு நேராகவே நின்றுகொண்டிருந்தார். பத்தாவது ரவுண்டில் இடது, வலது என்று இரண்டே குத்து. வலது கைக் குத்து மூரரின் தாடையில் இறங்கியது. அவ்வளவுதான்.

கேள்வி: வயதானால் குத்தின் பலம் குறையாதா? (வாசகி, மதுரை)

பதில்: கடைசியாகத்தான் குறையும். ஒற்றைக் குத்தின் பலம் உடல் எடையிலும், பாதத்திலிருந்து இடுப்பு வழியாக வரும் திருப்பத்திலும் இருக்கிறது. முன்னதாகப் போவது கால். சட்டென்று சுருங்கி விரியும் தசைநார்கள் மெலிவதால், எதிராளியை மூலைக்கு மறித்துத் தள்ள வேண்டியவர் அவர் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பார். அடுத்தது, திரும்பத் திரும்பக் குத்தும் திறன். தோராயக் கணக்குப்படி இதயத்தின் உச்சத் துடிப்பு 25 வயதில் 195 என்றால் 40-ல் 180. ரவுண்டுகளுக்கு நடுவே கிடைப்பதோ அதே ஒரு நிமிடம்தான்.

டிவியில் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள்: குத்திய கை தாடைக்குத் திரும்புகிறதா, மார்போடு நின்றுவிடுகிறதா? நாலு குத்தாக வந்தது ஒன்றாகிவிட்டதா? இடைவெளி தெரிந்தும் கை போகவில்லையா? மூன்றும் சேர்ந்தால் ஆள் முடிந்துகொண்டிருக்கிறார். ஆனால் பயிற்சியில் பையைக் குத்தும்போது பழைய சத்தமே வரும். பல வீரர்கள் ஏமாறுவது அந்தச் சத்தத்தில்தான்.

கேள்வி: எனக்கு 38. ஜிம்மில் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்யலாமா? (வாசகர், கோவை)

பதில்: டாக்டர் சரி என்றால் செய்யலாம், இளவட்டங்களின் கணக்கில் அல்ல. வாரத்துக்கு ஒரு நாள், மூன்று ரவுண்டு, 16 அவுன்ஸ் கிளவ்ஸ். ஹெட்கார்டு போட்டிருக்கிறோமே என்று தைரியப்படாதீர்கள். அது புருவம் கிழிவதைத் தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. வயதாக ஆக மூளை லேசாகச் சுருங்கும். அதையும் மண்டை ஓட்டின் உள்ளுறையையும் இணைக்கிற சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். அவை அறுந்தால் ரத்தக்கசிவு. ஸ்பாரிங்குக்குப் பிறகு தலைவலி, குமட்டல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் என்று எது வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஸ்கிப்பிங்கை சிமென்ட் தரையில் வேண்டாம், ரப்பர் விரிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் இந்த வயதில் சீக்கிரம் புண்ணாகும்.

கேள்வி: பெர்னார்ட் ஹாப்கின்ஸ் மட்டும் எப்படி 49 வயது வரை சாம்பியனாகத் தாங்கினார்? (வாசகர், சேலம்)

பதில்: குறைவாகக் குத்தி, குத்தியதும் கட்டிப்பிடித்து, எதிராளியின் தாளத்தைக் கெடுத்து. பார்க்க அழகாக இருக்காது. போட்டி இல்லாத மாதங்களிலும் எடையை ஏறவிடமாட்டார். அப்படியும் 2016 டிசம்பரில், 51 வயதில், ஜோ ஸ்மித் ஜூனியரின் குத்துகளில் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தார். 20 நொடிக்குள் ரிங்குக்குத் திரும்ப முடியவில்லை.