கருவில் இருக்கும் குழந்தைக்கு வளர்ச்சி ஊசி போடலாமா?

கேள்வி: மருமகளுக்கு ஏழாம் மாதம். குழந்தையின் வளர்ச்சி இரண்டு வாரம் பின்தங்கியிருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். எங்கள் உறவுக்காரப் பையன் குள்ளமாக இருந்தான்; வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டபின் நன்றாக உயர்ந்துவிட்டான். அதையே மருமகளுக்குப் போட்டால் குழந்தை தேறுமா? இந்த வருடம் தக்காளி கைகொடுத்திருக்கிறது, செலவைப் பற்றிக் கவலையில்லை.
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: வேண்டாம் அம்மா. அந்த ஊசி வயிற்றுக் குழந்தைக்குப் போய்ச் சேராது. சேர்ந்தாலும் வேலை செய்யாது.

பிறந்த பிறகு நம்மை உயர்த்துவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் வளர்ச்சி ஹார்மோன். கருவின் இரத்தத்திலும் அது நிறையவே ஓடுகிறது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள வேண்டிய கல்லீரல் அப்போது இன்னும் தயாராகவில்லை. அதனால்தான் இந்த ஹார்மோனே சுரக்காத குழந்தைகள்கூட ஏறக்குறைய வழக்கமான எடையோடு பிறக்கின்றன. உயரக் குறைவு பிறகுதான் தெரியவரும். உங்கள் உறவுக்காரப் பையனின் கதையும் அதுவாக இருக்கலாம்.

கருவை வளர்ப்பது அதன் சொந்த இன்சுலினும், இன்சுலினைப் போன்ற இரண்டு வளர்ச்சிக் காரணிகளும்தான். அவற்றுக்குத் தீனி தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. நஞ்சுக்கொடியும் தன் பங்குக்கு ஒரு வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. அது குழந்தைக்குள் போவதில்லை. தாயின் உடம்பில் சர்க்கரை சட்டென்று செலவாகாமல் பார்த்துக்கொண்டு, குழந்தைக்கு மிச்சம் பிடித்துத் தருகிறது. அந்தப் பிடி சில பெண்களுக்கு அதிகமாகிவிட்டால், கர்ப்பகாலச் சர்க்கரை நோய். தாயின் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது, சர்க்கரை தாண்டும். குழந்தையோ அந்தச் சர்க்கரைக்கு ஈடாகத் தானே இன்சுலினைச் சுரந்து ஊதிப்போகும். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு 4.2 கிலோவில் குழந்தை பிறந்தது. வீட்டார் பூரித்துப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிக் கைகால் நடுங்கியதை நான்தான் பார்த்தேன். பெரிய குழந்தை என்றால் நல்ல குழந்தை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

முப்பது வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன். குழந்தை வெளியே வந்ததும் நஞ்சுக்கொடியைத் தட்டில் வைத்துத் திருப்பிப் பார்ப்பேன். நிறைமாதத்தில் அது அரைக் கிலோ இருக்கும், ஒரு கேழ்வரகு அடை அகலம், கருஞ்சிவப்பு. எடை குறைந்த குழந்தைகள் பலவற்றுக்கு அது சின்னதாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளுத்துக் கெட்டிப்பட்டிருக்கும். அந்த இடங்களில் இரத்தம் ஓடாமல் நின்றுபோயிருக்கிறது என்று பொருள். ஆகவே உங்கள் கேள்வி ஊசியைப் பற்றி இருக்க வேண்டாம். இரத்த ஓட்டத்தைப் பற்றி இருக்கட்டும். தொப்புள்கொடி இரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்த்தார்களா? இரத்த அழுத்தம் எவ்வளவு? ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருக்கிறதா? வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டா? மருமகளே சிறிய உடம்புக்காரி என்றால், குழந்தையும் சிறியதாக, ஆனால் ஆரோக்கியமாக இருக்கலாம். அடுத்த ஸ்கேனில் தன் அளவுக்கு வளர்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். அதுவரை குழந்தையின் அசைவைக் கவனிக்கச் சொல்லுங்கள். குறைந்தால் ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிடுங்கள், காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. முன்கூட்டியே பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால், 34 வாரத்துக்கு முன்பு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதை வளர்ச்சி ஊசி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கானது. டாக்டர் சொன்னால் மறுக்காதீர்கள்.

கேள்வி: மூன்று மாதக் கர்ப்பம். தைராய்டு மாத்திரை குழந்தைக்கு ஆகாது, நிறுத்து என்கிறார் என் அத்தை. நிறுத்தலாமா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ஒரு நாள்கூட நிறுத்தாதே அம்மா. குழந்தையின் தைராய்டு 12 வாரம் வாக்கில்தான் வேலையைத் தொடங்குகிறது. ஓரளவு தன் காலில் நிற்க 18, 20 வாரம் ஆகும். அதுவரை அதன் மூளை வளர்வதற்கு உன்னுடைய தைராக்ஸினைத்தான், அதாவது அந்த மாத்திரை தரும் தைராய்டு ஹார்மோனைத்தான், நம்பியிருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கு, காபி அரை மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இந்தப் பக்கத்தை அத்தையிடமும் படித்துக் காட்டு.