பூட்டுக்குத் துணையாக ஒரு மணி: வீட்டு அலாரத்தை நாமே பொருத்தலாமா?

கேள்வி: வீட்டிற்குத் திருட்டு அலாரத்தை நானே பொருத்த நினைக்கிறேன். சுவரில் துளையிடவும் ஸ்க்ரூ முடுக்கவும் தெரியும். மின்வேலை அவ்வளவாகத் தெரியாது. என்னால் முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். சென்சார்களும் சைரனும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலோ சிறிய பேட்டரிகளிலோ இயங்குவதால், அவற்றைக் கையாளுவதில் உயிருக்கு ஆபத்து இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியை வீட்டின் மின் இணைப்போடு நேரடியாக இணைக்க வேண்டியிருந்தால், அந்த ஒரு வேலையை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் வரைந்து, தரையிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ கைக்கு எட்டும் கதவுகளையும் ஜன்னல்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, எந்த வழியாக நுழைந்தாலும் ஒருவர் கடந்தே தீர வேண்டிய இடம் எது என்று பாருங்கள். பல வீடுகளில் அது நடைவழியாகவோ படிக்கட்டின் அடியாகவோ இருக்கும். கதவுகளுக்குக் காந்த சென்சார் (கதவு திறந்து காந்தம் விலகுவதை உணர்வது), அந்த இடத்திற்கு ஒரு நகர்வு சென்சார் என்று திட்டமிட்டால், அறைக்கு ஒன்றாக வாங்கிக் குவிப்பதைவிடக் குறைந்த கருவிகளில் நல்ல காவல் கிடைக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருக்கட்டும். எண்களை அழுத்தும் விசைப்பலகை மட்டும் வாசலுக்கு அருகில் இருந்தால் போதும்.

கேள்வி: கூடத்தில் மாட்டிய நகர்வு சென்சார், ஆள் இல்லாத பிற்பகலில் அலறுகிறது. நான் அதை நோக்கி நேராக நடந்து வந்தாலோ சில சமயம் கண்டுகொள்வதே இல்லை. கருவி பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. மாட்டிய இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வீடுகளில் பரவலாகப் பயன்படும் இவ்வகைச் சென்சார் எதையும் படம் பிடிப்பதில்லை. உடலிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர், அதாவது வெப்பம், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு நகர்வதை மட்டுமே அது உணர்கிறது. முன்புறத்திலுள்ள வரிவரியான பிளாஸ்டிக் வில்லை, அறையை விசிறி மடிப்புகளைப் போலப் பல பட்டைகளாகப் பிரித்துவிடுகிறது. ஒருவர் குறுக்கே நடக்கும்போது பட்டை மாறி மாறி வெப்பம் தெரிவதால் சென்சார் உடனே விழித்துக்கொள்கிறது. நேராக எதிரே வருபவர் ஒரே பட்டைக்குள் வெகுநேரம் இருப்பதால் தாமதமாகத்தான் உணர்கிறது. ஆகவே, வருபவரின் பாதை அதன் பார்வைக்குக் குறுக்காக அமையும்படி ஒரு மூலையில், தரையிலிருந்து ஏறத்தாழ 2 முதல் 2.4 மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். துல்லியமான உயரத்தைக் கருவியின் கையேடு சொல்லும்.

பிற்பகலில் மட்டும் அலறுவது, வெயிலால் சூடாகும் ஜன்னலையோ அசையும் திரைச்சீலையையோ அது பார்த்துக்கொண்டிருப்பதற்கு நல்ல அடையாளம். ஏசியின் காற்று வழி, ஹீட்டர், அடுப்பு ஆகியவற்றை நோக்கியும் அதைத் திருப்பக்கூடாது. அறையின் வெப்பம் உடலின் வெப்பத்தை, அதாவது 37 டிகிரியை, நெருங்கும்போது இரண்டையும் பிரித்தறிவது கடினமாகி, சென்சாரின் கூர்மை குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். பூச்சி புகாதபடி, கம்பி நுழையும் துளையைச் சிலிக்கான் பசையால் அடைத்துவிடுங்கள். வில்லையின் மேல் ஊரும் சிறு சிலந்திகூட அதற்குப் பெரிய உருவமாகத் தெரியும். செல்லப் பிராணிகளைப் பொருட்படுத்தாது என்று விற்கப்படும் சென்சார்கள் பிராணி தரையில் நடக்கும் என்றே கணக்கிடுகின்றன. பூனை அலமாரியின் மேல் ஏறினால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

இடத்தை மாற்றிய பிறகு, கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதனை நிலையில் வைத்து, அறையின் எல்லா ஓரங்களிலும் மெதுவாகவும் வேகமாகவும் நடந்து பாருங்கள். அடிக்கடி வீணாக அலறும் அலாரத்தைப் பக்கத்து வீட்டார் பொருட்படுத்தாமல் போவார்கள். சில நாட்களில் வீட்டுக்காரரே அதை அணைத்து வைத்துவிடுவார்.

கேள்வி: கம்பி வழியாக இணைக்கும் காந்த சென்சாரில், கம்பியைத் திருடன் வெட்டிவிட்டால் என்ன செய்வது?

அமெரிக்காவில் 1853-இல் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் காப்புரிமை பெற்ற மின் அலாரத்தில், கதவு திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். அந்த அமைப்பில் கம்பியை வெட்டினால் மணி ஊமையாகிவிடும். இன்றைய சென்சார்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை: கதவு மூடியிருக்கும்போது சுற்று இணைந்திருக்கும், காந்தம் விலகினாலும் கம்பி அறுந்தாலும் சுற்று துண்டிக்கப்பட்டு அலாரம் ஒலிக்கும்.

வெட்டாமல் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதே கூர்மையான கேள்வி. சுற்று இணைந்தே இருப்பதால், கதவு திறந்தாலும் பெட்டிக்குத் தெரியாமல் போய்விடும். அதற்காகத்தான் கருவியோடு சிறு மின்தடைகளை, கடைக்காரர் மொழியில் ரெசிஸ்டர்களை, தருகிறார்கள். அவற்றைச் சென்சாரின் உள்ளே, கம்பியின் கடைசி முனையில் இணைக்க வேண்டும். அப்போதுதான் வழியில் கம்பிகள் ஒன்றானால், தடை மறைந்ததைப் பெட்டி உணரும். வேலை எளிது என்று பலர் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே இணைத்துவிடுகிறார்கள். அப்போது அலாரம் ஒழுங்காக வேலை செய்வதுபோலவே தோன்றும், ஆனால் வழியில் யாரேனும் கம்பிகளை ஒன்றாக்கினால் பெட்டிக்கு அது தெரியாது. இரும்புக் கதவு காந்தப்புலத்தை வலுவிழக்கச் செய்யும் என்பதால், அதற்கென்று தயாரிக்கப்படும் பெரிய வகையை வாங்குங்கள்.

கேள்வி: மின்சாரம் நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும்?

கட்டுப்பாட்டுப் பெட்டியில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்து, கருவிகள் எல்லாம் சேர்ந்து 200 மில்லியாம்பியர் இழுத்தால், கணக்குப்படி 35 மணி நேரம் வரும். பேட்டரிக்கு வயதாகும் என்பதையும் சைரன் கூடுதலாக இழுக்கும் என்பதையும் கருதி, ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையம் வழியாகக் கைப்பேசிக்குச் செய்தி வர வேண்டுமானால், ரூட்டருக்கும் மாற்று மின்சாரம் தேவை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: புகை சென்சாரையும் இதே அலாரத்தில் இணைக்கலாமா?

கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்கு இடம் தந்தால் இணைக்கலாம். ஆனால் அதை 24 மணி நேரப் பிரிவில் சேர்க்க வேண்டும். இல்லையெனில், நீங்கள் அலாரத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குள் உறங்கும் நேரத்தில் அது ஒலிக்காது. திருட்டுக்கும் தீக்கும் வெவ்வேறு ஒலி வைத்து, இரண்டையும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒருமுறை ஒலிக்கச் செய்து காட்டுங்கள்.