பரு அழுக்கினால் வருவதில்லை

"பத்தாவது படிக்கும் மகன் நாலு வேளை முகம் கழுவுகிறான், எண்ணெய்ப் பலகாரம் தொடுவதே இல்லை. அப்புறமும் ஏன் முகமெல்லாம் பரு?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நானும் ஒரு வருடம் அலைந்தேன்.

என் மகனுக்கு 14 வயதில் ஆரம்பித்தது. குளியலறையில் பீர்க்கங்காய் நாரை வைத்துக் கன்னம் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக்கொண்டிருப்பான். "நல்லாத் தேய்டா, அழுக்கு போகட்டும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

தோல் மருத்துவர்தான் விளங்க வைத்தார். வயதுக்கு வரும்போது ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடுகிறது. அது பையன், பெண் இருவருக்கும் உண்டு. அதனால் மயிர்க்காலை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாகி நிறையச் சுரக்கின்றன. உதிர வேண்டிய செத்த தோல் அந்த எண்ணெயோடு சேர்ந்து துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. உள்ளே ஏற்கெனவே இருக்கும் கிருமி பெருகுகிறது, வீங்கிச் சிவந்து சீழ் வைக்கிறது. மூக்கின் மேல் இருக்கும் கரும்புள்ளிகூட அழுக்கு இல்லையாம். அடைப்பின் மேல்பக்கம் காற்றுப் பட்டுக் கறுத்துப்போனது. அதை எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தோல்தான் புண்ணாகும். மிதமான சோப்பால் இரண்டு வேளை கழுவினால் போதும்.

அம்மா அப்பாவுக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். சாப்பாட்டில், வடை பஜ்ஜியை விட இனிப்பும் மைதாவும் சிலருக்குப் பருவைக் கூட்டுகின்றன. பால் பற்றியும் அப்படிச் சொல்கிறார்கள். இன்னொன்று, தலைக்கு வைக்கும் எண்ணெய். என் மகனுக்கு நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில்தான் பொடிப்பொடியாக நிறைய இருந்தது. வழிய வழியத் தேங்காய் எண்ணெய் வைப்பதை நிறுத்திய பிறகு அங்கே குறைந்தது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மெடிக்கலில் கேட்டு ஏதாவது க்ரீம் வாங்கிப் போடாதீர்கள். நாங்கள் போட்டோம். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் முன்னைவிட இரண்டு மடங்காக வந்தது. ட்யூபைத் திருப்பிப் பார்த்தால் பீட்டாமெத்தசோன் என்று இருந்தது. ஸ்டீராய்டு. அதுவே பருவை வரவழைக்கும், தோலையும் மெலிய வைத்துவிடும். இந்த வகை க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

சரியான மருந்தும் மெதுவாகத்தான் வேலை செய்யும். அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு எல்லாம் பலன் காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். முதல் சில வாரம் தோல் உரிந்து எரியக்கூடும், பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள். அழுத்தினால் வலிக்கிற பெரிய கட்டிகளாக இருந்தால் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், தழும்பு விழுந்தால் போக்குவது சிரமம். பெண் பிள்ளைக்குப் பருவோடு மாதவிடாயும் தள்ளிப்போனால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம்.

விசேஷ வீடுகளில் "என்னடா மூஞ்சி இப்படி ஆயிடுச்சு" என்று யாராவது கேட்டால் நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். அந்த ஒரு வருடமும் என் பிள்ளை ஒரு போட்டோவில்கூட நிற்கவில்லை.