வளையலை அடகு வைக்கும் முன்

மன்னார்குடி ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வீட்டுத் தம்பியின் மேற்படிப்புக்கென்று மஞ்சப்பையில் மடித்துக் கொண்டுவந்தீர்களே, அந்த வழவழப்பான தாளை நீங்கள் போன பிறகு இன்னொரு தடவை படித்தேன். ‘வேலையை விடாமல் ஆன்லைனில் எம்.டெக். மெக்கானிக்கல்’ என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது. பட்டம் தருவது யார் என்பது மட்டும் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி. சம்பா நெல் போட்ட பணம் போதாவிட்டால் வீட்டில் இருக்கிற வளையலை வைக்கலாம் என்றீர்கள். இப்போதைக்கு வைக்காதீர்கள்.

தாளில் இருந்த எண்ணுக்கு நானே பேசினேன். இந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். “சார், இன்னைக்குள்ள சேர்ந்தா பதினைந்தாயிரம் தள்ளுபடி” என்றார் போனை எடுத்த பெண். மறுபடி அதையே கேட்டேன். தள்ளுபடி இருபதாயிரம் ஆனது.

விஷயம் இதுதான். யுஜிசியின் 2020 விதிமுறைப்படி இன்ஜினியரிங் படிப்பைத் தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. எம்.பி.ஏ., எம்.சி.ஏ. போன்றவை வேறு, அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்கள் அவற்றை ஆன்லைனில் நடத்தலாம். இதில் ஏமாந்தவர்கள் ஏற்கெனவே உண்டு. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த இன்ஜினியரிங் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் தனித் தேர்வு எழுதித் தங்கள் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

அப்படியானால் வேலையில் இருக்கிறவன் மேலே படிக்கவே முடியாதா? முடியும். பிட்ஸ் பிலானி 1979 முதல் வேலையோடு இணைந்த படிப்புகளை நடத்துகிறது. எம்.டெக். என்றால் நான்கு செமஸ்டர். வகுப்பு பெரும்பாலும் வார இறுதியில். கடைசி செமஸ்டரில் தம்பி தன் வேலையிலிருந்தே ஒரு பிரச்சினையை எடுத்து ஆய்வேடு எழுதலாம். ஆனால் கம்பெனியின் சம்மதம் வேண்டும், கட்டணமும் கொஞ்சநஞ்சமில்லை. சில ஐஐடிகளும் வேலை பார்ப்பவர்களுக்கென்று முதுநிலைப் படிப்புகள் வைத்திருக்கின்றன.

தம்பி கேட்ட அமெரிக்க ஆன்லைன் பட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே இன்ஜினியரிங் வேறு, இன்ஜினியரிங் டெக்னாலஜி வேறு. அங்கீகாரம் கொடுக்கும் குழுக்களே தனித்தனி. இரண்டாவதில் கணக்கும் கோட்பாடும் குறைவு, பட்டறைப் பயன்பாடு அதிகம். படிப்பு மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சான்றிதழை இங்கே அரசு வேலைக்குக் காட்டினால், இங்குள்ள பட்டத்துக்கு இணையானது என்று சமநிலைச் சான்று கேட்பார்கள். டாலரில் கட்டிவிட்டு அதற்கு அலைய வேண்டாம்.

சரி, தம்பிக்கு எது? திருச்சி பக்கம் துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில் பாய்லர் பாகம் செய்யும் பட்டறையில் தர ஆய்வாளர், ஆறு வருட அனுபவம். அவன் நாள் முழுக்கப் பார்ப்பது வெல்டிங் தையலையும் எக்ஸ்ரே ஃபிலிமையும். பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் ஒரு படத்தைக் காட்டி, “இது ஸ்லாக், இது போரோசிட்டி” என்று வெல்டிங் குறைகள் மேல் விரல் வைத்தான். எம்.டெக். இல்லாததால் அவனுக்குச் சம்பளம் ஏறவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. வெல்டிங்கை உடைக்காமல் எக்ஸ்ரேயாலும் ஒலியலையாலும் சோதிக்கும் ரேடியோகிராஃபியிலும் அல்ட்ராசோனிக்கிலும் லெவல் டூ (இரண்டாம் நிலை) சான்றிதழ் அவனிடம் இல்லை, அதுதான் குறை. அதற்கான பயிற்சிக்கு வருடக்கணக்கில் ஆகாது, சில வாரங்கள்தான். திருச்சியிலேயே, பெல் (பிஎச்இஎல்) வளாகத்தில், வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே என்னென்ன பயிற்சி நடக்கிறது என்று ஒரு நடை போய்க் கேட்கச் சொல்லுங்கள். பாடம் விட்டுப்போன பயம் இருந்தால் ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் ஒரு பாடத்தைப் பிடித்துப் படிக்கட்டும். கேட்பது இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன் என்று அவன் சொன்னால் மட்டும் என் பேச்சு மாறும். அதற்கு முறையான எம்.இ. வேண்டும்; நுழைவுத் தேர்வு எழுதி, பகுதி நேரமாகவோ முழு நேரமாகவோ வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

திங்கட்கிழமை தம்பி மேலாளரிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும். எந்தச் சான்றிதழ் வந்தால் பதவி ஏறும்? படிப்பு முடியும்வரை பி ஷிஃப்ட் (இரண்டாவது ஷிஃப்ட்) போடாமல் இருப்பார்களா? வாய்ப்பேச்சு போதாது, மெயிலில் வாங்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள்; அந்தத் தாளைத் திரும்ப எடுத்துவர வேண்டாம்.