காலையில் அடித்த தர்பூசணிச் சாறு மதியத்தில் பிரிந்து நிற்பது ஏன்?

கன்னியாகுமரி மாவட்டம் திக்கணங்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். காலையில் தண்ணிமத்தன் (தர்பூசணி) சாறு அடித்து ஃபிரிட்ஜில் வைத்தால், மதியத்துக்குள் சிவப்பு ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுகிறது. ஊசி போட்டு நிறம் ஏற்றிய பழம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் 20 பேருக்கு விருந்து இருக்கிறது. வெட்டிய பழம், சிவப்பு சிரப், ஐஸ் மூன்றையும் சேர்த்துக் கொண்டுவந்து தருவதாக ஒரு தரகர் கூறுகிறார். வாங்கலாமா? முன்கூட்டியே செய்து வைக்கக்கூடியது ஏதாவது உண்டா?"

சாறு பிரிவதைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. தர்பூசணிக்குச் சிவப்பைத் தரும் லைக்கோபீன் என்னும் நிறமி தண்ணீரில் கரையாதது. தக்காளியிலும் இருப்பது அதுதான். அது பழத்தின் சதைத் துணுக்குகளிலேயே தங்கியிருக்கும். 100 கிராம் பழத்தில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர் என்பதால், அடித்த சாறு சற்று நேரம் அசையாமல் இருந்தால் துணுக்குகள் ஒதுங்கி, வெளிறிய நீர் தனியே நிற்கும். உணவுப் பண்டங்களில் சேர்க்கும் எரித்ரோசின் போன்ற சிவப்புச் சாயங்களோ தண்ணீரில் கரைபவை. அவை கலந்திருந்தால் பிரிந்த நீரும் சிவந்தே இருக்கும். எனவே, உங்கள் பாத்திரத்தில் நீர் வெளிறிப் பிரிந்தது பழத்துக்கு ஆதரவான சான்றுதான். குடிக்கும் முன் கரண்டியால் ஒருமுறை கலக்கினால் போதும்.

இந்த ஊசிப் பேச்சால் 2025 கோடையில் திண்டிவனம் பகுதி விவசாயிகள், விளைந்த பழத்துக்கு விலை கிடைக்காமல் தவித்தார்கள். முழுப் பழத்தில் ஓர் இடத்தில் ஊசி குத்தினால் சாயம் எல்லாப் பக்கமும் சீராகப் பரவுவதில்லை. குத்திய துளை வழியே கிருமி நுழைந்து பழம் விரைவில் அழுகத் தொடங்கும். நட்டம் வரும் என்று தெரிந்தே ஒரு வியாபாரி அதைச் செய்வார் என்று நம்புவது கடினம். வெட்டும்போது நடுவில் வெடிப்போ குழியோ தெரிந்தால் அதையும் ஊசியின் வேலை என்கிறார்கள். அது வளர்ச்சியின்போது இயல்பாக நேரும் குறை, சுவைக்கும் உடலுக்கும் கேடில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. தர்பூசணி புளிப்பு மிகக் குறைந்த பழம். எலுமிச்சை, மாங்காய் போன்றவற்றில் இருக்கும் புளிப்பு கிருமிகளை ஓரளவு தடுத்து நிறுத்தும். இதில் அந்தக் காவல் இல்லை. பழம் மண்ணில் கிடந்து வளர்ந்தது. வெட்டும்போது தோட்டின் மேலிருக்கும் அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோகிறது. ஆகவே, வெட்டும் முன் ஓடும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். மீன் வெட்டிய கத்தியையும் பலகையையும் பழத்துக்கு எடுக்கவே கூடாது. வெட்டிய பழமானாலும் சாறானாலும், நம் கோடை வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில், வெட்டிப் பெட்டியில் அடைத்து விற்ற தர்பூசணி, முலாம்பழத் துண்டுகளால் சால்மோனெல்லா நோய் பல மாநிலங்களில் பரவியது. குளிர்சாதன வண்டிகள் ஓடும் நாட்டிலேயே அப்படி நேர்ந்ததென்றால், எப்போது, எங்கே, எந்தக் கத்தியால் வெட்டினார்கள் என்று தெரியாத பழத்தை உங்கள் வீட்டு வாசலில் இறக்கும் தரகரை நம்பி 20 பேருக்குப் பரிமாற வேண்டாம்.

அந்த மூன்றில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது ஐஸ்தான். குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று மீன்பிடித் துறைமுகங்கள் உள்ள மாவட்டம் நம்முடையது. மீனைப் பதப்படுத்தக் கட்டி கட்டியாக ஐஸ் உற்பத்தியாகிறது. அது குடிநீரில்தான் உறைய வைக்கப்பட்டது என்று நம்ப முடியாது. அது வயிற்றுக்குள் போவதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல. அதே கட்டி சாக்கில் சுற்றி, தரையில் இழுத்து, உடைத்து, சர்பத் கடைக்கும் விருந்து வீட்டுக்கும் போனால் கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே, உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அறிவுறுத்தியது. மிக எளிய, செலவு குறைந்த, படிக்காதவருக்கும் புரியும் ஏற்பாடு. அந்த நீல ஐஸை நம் சந்தைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அதிகாரிகள் பழத்தைக் குத்திப் பார்க்கக் காட்டும் வேகத்தில் பாதியை ஐஸ் ஆலைகளிடம் காட்டியிருந்தால், கோடையில் வரும் வயிற்றுப்போக்குகள் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம். விதியைக் காகிதத்தில் எழுதியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் இந்தப் போக்கு என்னைச் சோர்வடையச் செய்கிறது. ஐஸ் வெள்ளையாக இருக்கிறது என்பதாலேயே அது உண்ணத் தக்கது என்று முடிவு செய்யாதீர்கள்.

சிவப்பு சிரப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் அது சர்க்கரை, சிட்ரிக் அமிலம், நிறம், மணம் ஆகியவைதான். சீட்டில் பழச்சாற்றின் அளவைத் தேடிப் பாருங்கள்; சீட்டே இல்லாத கேனை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

முன்கூட்டியே செய்து வைப்பதைப் பொறுத்தவரை, கூடாது என்பதே என் பொது விடை. காய்ச்சி வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் சூடேறினால் தர்பூசணியின் மணம் போய், வேகவைத்த பூசணியின் வாடை வந்துவிடும். இதற்கு ஒரே விலக்கு உறைய வைப்பது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். விதை நீக்கிய சதையை மிக்சியில் சில நொடிகள் மட்டும் அடித்து, ஒரு லிட்டருக்கு இரண்டு எலுமிச்சையின் சாறும் மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்த்து, குச்சி ஐஸ் அச்சிலோ சிறிய எவர்சில்வர் தம்ளரிலோ ஊற்றி, உடனே உறைபெட்டியில் வைக்க வேண்டும். சர்க்கரை சேராவிட்டால் கல்லைப்போல் இறுகும். இளநீர் வழுக்கையைச் சிறு துண்டுகளாகப் போட்டால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். ஆனால், உறைதல் கிருமியைக் கொல்வதில்லை. வளர விடாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். அழுக்குக் கையோடு செய்த குச்சி ஐஸ், உறைந்த பிறகும் அழுக்கானதே. மின்தடையில் முழுவதும் உருகிவிட்டால், மறுபடி உறைய வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். பாதி இளகி, நடுவில் இன்னும் பனியாக இருந்தால் அப்போதே சாப்பிட்டுவிடலாம். வெள்ளி இரவு செய்தால் ஞாயிறு வரை எந்தக் குறையும் வராது.

விருந்துக்கான சாற்றுக்குத் தலா 5 கிலோ எடையுள்ள இரண்டு முழுப் பழங்கள் போதும். தரையில் பட்ட பக்கம் வெள்ளையாக இல்லாமல் நல்ல மஞ்சளாக இருப்பதையும், கையில் தூக்கினால் அளவுக்கு மீறிக் கனப்பதையும் பார்த்து வாங்குங்கள். பறித்த பிறகு இந்தப் பழம் மேலும் இனிக்காது. சனி மாலை பழங்களைக் கழுவித் துடைத்து, முழுதாகவே ஃபிரிட்ஜில் வையுங்கள். பழமே குளிர்ந்திருந்தால் ஐஸ் தேவைப்படாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் வெட்டி அடித்து, ஆறு எலுமிச்சை, சிறிதளவு உப்பு, புதினா சேர்த்துத் தண்ணீர் ஊற்றாமல் பரிமாறுங்கள். அடிக்கும்போது விதை அரைபட்டால் கசக்கும். நன்னாரி சர்பத் பிடித்தவர்களுக்கு, அதில் தர்பூசணித் துண்டுகளையும் நுங்கையும் போட்டுக் கொடுக்கலாம். சிவப்புக்கும் பச்சைத் தோலுக்கும் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதியைத் தடியங்காயைப்போல் (வெண்பூசணி) நறுக்கித் தயிர் சேர்த்த புளிசேரி வைத்தால், அன்றைய சாப்பாட்டுக்கு ஒரு குழம்பும் ஆயிற்று.