எலிக்குக் குறைந்த மூட்டுவலி அம்மாவுக்கும் குறையுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது, எடை 55 கிலோ. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். எட்டு மாதமாக இரண்டு கை விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கி வலிக்கின்றன. காலையில் களி கிண்டக்கூட முடிவதில்லை. மெடிக்கலில் கொடுக்கும் மாத்திரையைப் போட்டால் அன்றைக்குச் சரியாகிறது. நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து எலிகளுக்கு மூட்டுவலியைக் குறைத்ததாகப் படித்தேன். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளவும் போட்டிருக்கிறது. அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: அந்த அளவை வைத்துக் கொடுக்கவே கூடாது. உடல் சிறியதாக இருந்தால் மருந்து சீக்கிரம் கழிந்துவிடும். அதனால் எலிக்குக் கிலோ கணக்கில் அதிகம் தேவைப்படும். எலிக்குக் கிலோவுக்கு 1 மி.கி. என்றால், உடல் பரப்பளவுக் கணக்கில் மனிதருக்கு ஏறக்குறைய 0.16 மி.கி.தான். நேராகப் பெருக்கினால் அம்மாவுக்கு 55 மி.கி. வரும், பரப்பளவுக் கணக்கில் 9 மி.கி.கூட வராது. அந்த 9-ம் ஆராய்ச்சியாளர்களின் தொடக்கக் கணக்கே தவிர, மருந்துச் சீட்டில் எழுதுவதற்கல்ல. ஜப்பானில் 2005-லிருந்து முடக்குவாதத்துக்கு (உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) டாக்ரோலிமஸ் தருகிறார்கள். அங்கே வழக்கமான அளவு நாளைக்கு 3 மி.கி., வயதானவர்களுக்கு 1.5 மி.கி.யில் தொடங்குகிறார்கள்.

எலிக்கு வலி குறைந்தது உண்மைதான். ஆனால் எந்த வலி என்று பார்க்க வேண்டும். கொல்லப்பட்ட காசநோய்க் கிருமிகளை எண்ணெயில் கலந்தோ, குருத்தெலும்பின் கொலாஜன் புரதத்தையோ ஊசியாகப் போட்டு எலிக்கு மூட்டுவாதத்தை வரவழைக்கிறார்கள். இரண்டு வாரத்தில் பாதம் வீங்கிவிடும். பாதத்தைத் திரவத்தில் அமிழ்த்தி வீக்கத்தை அளக்கிறார்கள். மெல்லிய நைலான் இழையால் அழுத்தி, எந்த அழுத்தத்தில் காலை இழுத்துக்கொள்கிறது என்று வலியைக் கணிக்கிறார்கள். பல ஆய்வுகளில் வீக்கம் வருவதற்கு முன்பே மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். நம்மிடம் வருபவர்களோ மாதக்கணக்கில் வீங்கிய மூட்டோடு வருகிறார்கள்.

டாக்ரோலிமஸ் நேரடி வலி நிவாரணி இல்லை. நோய் எதிர்ப்பு சக்தியின் அங்கமான டி செல்களின் வேலையைத் தடுக்கிறது. அழற்சி தணிகிறது, அதன் பிறகு வலி குறைகிறது. அம்மாவின் வலி அந்த வகையா என்பது தெரியாமல் மருந்தைப் பேசிப் பயனில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் இன்னொரு சந்தேகமும் எழ வேண்டும்: நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே இந்த ஃபுளோரைடு பிரச்சினை முக்கியக் காரணம். லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் ஃபுளோரைடு உள்ள போர் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் கழுத்து, முதுகு, முழங்கை இறுகும். குத்தவைத்து உட்கார முடியாது. எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தியாகத் தெரியும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கும். இதற்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தால் ஒரு பலனும் இல்லை, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

விரல் மூட்டுகள் இரு கையிலும் வீங்குவதும் காலையில் மோசமாவதும் முடக்குவாதத்தின் பக்கமே சாய்கின்றன. முடக்குவாதமும் ஃபுளோரைடு பாதிப்பும் சேர்ந்தும் இருக்கலாம். ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி-சி.சி.பி., இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் கை எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் தொடங்குங்கள். மெடிக்கல் மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அது ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வாரக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் கலந்திருக்கலாம், டாக்ரோலிமஸோடு அது சேர்ந்தால் சிறுநீரகம் இரட்டிப்பாக அடி வாங்கும்.

முடக்குவாதம் உறுதியானால் முதலில் தருவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். விலை குறைவு, பல பத்தாண்டு அனுபவம் உண்டு. தொடங்கும் முன் காசநோய்க்காக மார்பு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலை பி, சி, ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் எல்லாம் பார்த்தாக வேண்டும். 7.5 முதல் 15 மி.கி. வரை ஓர் அளவில் தொடங்கி, தேவைப்பட்டால் 25 வரை ஏற்றுவார்கள். இது வாரத்துக்கு ஒருமுறை மட்டும். உயிருக்கே ஆபத்தாகும் தவறு இங்கேதான் நடக்கிறது: பத்து மாத்திரை அட்டையைப் பார்த்து, தினமும் ஒன்று என்று வீட்டில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். "ஞாயிறு மட்டும்" என்று அட்டை மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். பக்க விளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலம் 5 மி.கி., புதன்கிழமை மட்டும். முதல் மூன்று மாதம் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோட்ரைமாக்சசோல் எழுதினால், மெத்தோட்ரெக்சேட் போடுவதைச் சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நான்காவது வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். அதுவரை வலிக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டை மருத்துவரே சேர்த்துத் தருவார். டாக்ரோலிமஸ் எல்லாம் இவை கைகொடுக்காதபோது நிபுணர் யோசிக்க வேண்டியது. ரத்த அழுத்தம், சர்க்கரை, பொட்டாசியம் மூன்றையும் ஏற்றக்கூடியது.

மெத்தோட்ரெக்சேட் போடும்போது வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு, தோலில் ரத்தத் திட்டு இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஞாயிறு மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.